பங்குனி வெயிலில் பனி உடுப்பு தேடி: நெய்க்காரப்பட்டி, திண்டுக்கல், வத்தலக்குண்டு

போன வாரம் ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தார். லடாக்கில், லே பக்கத்தில் சாலை போடும் வேலையில் மேற்பார்வையாளராகச் சேரப்போகிறாராம். "அம்மா, ஊர் ஊராகப் போய் எழுதுகிறீர்களே, கடுங்குளிரிலும் காற்றிலும் நாள் முழுக்க வெளியில் நின்று வேலை செய்ய என்ன உடுப்பு வாங்கலாம்? சுற்றுலாப் போகிறவர்களுக்கான குறிப்புகள்தான் எங்கும் கிடைக்கின்றன" என்று கேட்டிருந்தார். நான் பனிமலைப் பக்கம் போனதே இல்லை. ஆனால் அப்படிப்பட்ட உடுப்பைத் தேடி ஒரு பயணம் போயிருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதத்தில், தார் ரோடு உருகும் வெயிலில், திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும்.

அப்போது எங்கள் வீடு பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியில். என் கணவர் வேலுச்சாமி பாறை துளைக்கும் கம்ப்ரசர் மெஷின் ஓட்டுகிறவர். தொப்பம்பட்டி வரைக்கும் தோட்டங்களில் கிணறு வெட்டும்போது பாறை குறுக்கிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வடக்கே மலைகளில் ரோடு வெட்ட மெஷின் ஆட்கள் தேவை என்று கேள்விப்பட்டு மதுரைக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. பதான்கோட்டில் போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து மலைக்கு ஏற்றிப்போவார்கள்.

ஆள் எடுத்த அதிகாரி ஒன்று சொல்லியிருந்தார். குளிருடுப்பு அங்கே கொடுப்பார்கள், ஆனால் பாதை அடைத்துவிட்டால் சாமான் வந்துசேர ஒரு மாதம்கூட ஆகும், அதுவரை தாங்குகிற மாதிரி ஏதாவது கையோடு கொண்டுபோவது நல்லது. வாளித் தண்ணீர் கல்லாகிவிடும், காற்று அடித்தால் கூடாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்றும் சொன்னாராம். இதையெல்லாம் என் கணவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பார்த்த குளிர் எல்லாம் மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும் குளிர்தான்.

"போகாம இருக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டுட்டனே மரகதம். மெஷின்ல வேலை செய்யறவனுக்கு அங்கதான் மரியாதை. பத்தாளு இருக்கற எடத்துல நான் இருந்துக்க மாட்டனா?"

அவர் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. உடுப்பு வாங்கப் போகும்போது நானும் வருவேன் என்று மட்டும் சொன்னேன்.

காலை ஆறு மணி பஸ்ஸில் பழனிக்குப் போனோம். ஆறு மைல் தூரம். பழனிக் கடைகளில் கேட்டுப் பார்த்தோம். சால்வை இருக்கிறது, மலையேறும் பக்தர்களுக்கான துண்டு இருக்கிறது, வேறொன்றும் இல்லை. அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு ரயில். முப்பத்தாறு மைலோ என்னவோ, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் இரண்டு ரூபாய்க்கு உள்ளேதான் என்று ஞாபகம். ஒட்டன்சத்திரம் தாண்டும்போதே ஜன்னல் கம்பி சுட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பனிக்குக் கோட்டு வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திண்டுக்கல்லில் சித்தி வீட்டுக்கு என்றேன். அதுவும் பொய்யில்லை, இரவு அங்கேதான் தங்குவதாக இருந்தோம்.

திண்டுக்கல் கடைவீதியில் நாலு ஜவுளிக்கடை ஏறி இறங்கினோம். ஐந்தாவது கடையில், பஞ்சு வைத்துத் தைத்த காக்கிக் கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார்கள். மெத்தை மாதிரி கனம். ராத்திரிக் காவலுக்குப் போகிறவர்களுக்காக வரவழைத்தது என்றார் கடைக்காரர். இருபத்திரண்டு ரூபாய். என் கணவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். ஐந்து நிமிடத்தில் நெற்றி எல்லாம் வேர்வை. "பாத்தியா, இந்த வெயில்லயே இப்பிடின்னா அங்க எப்பிடி இருக்கும்" என்று சந்தோஷப்பட்டார். வாங்கிவிட்டோம்.

எனக்கு மட்டும் திருப்தி இல்லை. வெயிலில் நின்று பார்த்துக் குளிருக்கு வாங்குகிறோம். புடவை வாங்கினால் தோளில் போட்டுப் பார்க்கலாம், பானை வாங்கினால் தட்டிப் பார்க்கலாம். இதை எதில் தட்டிப் பார்ப்பது?

அடுத்து பூட்ஸ் வாங்கக் கபூர் பாய் கடைக்குப் போனோம். பேகம்பூர்ப் பக்கம் தோல் கடை வைத்திருந்தார். கம்ப்ரசரின் காற்றுக் குழாய்க்குத் தோல் வளையம் வெட்டிக் கொடுப்பது அவர்தான் என்பதால் என் கணவருக்குப் பழக்கம். மோர் கொடுத்து உட்காரவைத்தார். நான் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இந்த ஊர்ல ரொம்பக் குளுரான எடம் எதுங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "குளிருன்னா... நம்ம மச்சான் இப்ராகிம் ஐஸ் ஃபேக்டரில மிஷின் பாக்குறாரு. கட்டி அடுக்கி வைக்கிற ரூம்பு ஒண்ணு இருக்கு. உள்ள போனா பல்லு தந்தியடிக்கும். எதுக்குத் தங்கச்சி?"

"இவரு உள்ள போயி செத்த நேரம் வேலை செஞ்சு பாக்கட்டுங்க. இந்தக் கோட்டைப் போட்டுட்டு."

என் கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கபூர் பாய் சிரிக்கவில்லை. "நல்ல யோசனைதான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

ஐஸ் ஃபேக்டரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். வாசலிலேயே மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. இப்ராகிம் நடுத்தர வயசு ஆள், அதிகம் பேசாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கதவை நான் திறந்தே புடிச்சிக்கிறேன், பயப்படாதீங்க" என்று என்னிடம் சொன்னார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. உள்ளே ஐஸ் பாளங்களை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தி அடுக்க வேண்டும், பிறகு ஒரு கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. மலையில் மெஷின் ஓடும்போது வேலை, வெடி வைக்கும்போது ஒதுங்கி நிற்பது, அப்படித்தானே இருக்கும்.

முதல் அரை மணி நேரம் என் கணவர் உற்சாகமாகத்தான் இருந்தார். "வேர்க்குது மரகதம்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அதன் பிறகு நிற்கச் சொன்னோம். பத்து நிமிடம் ஆவதற்குள் பேச்சு குளறியது. கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். இப்ராகிம் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து வெயிலில் நிறுத்தினார். நான் கோட்டைக் கழற்றினேன். உள்பக்கம் முழுவதும் வேர்வையில் ஊறி, முதுகுப் பக்கம் நனைத்துப் போட்ட சாக்கு மாதிரி சில்லென்று இருந்தது. பிழிந்தால் தண்ணீர் வரும். வெயிலில் நின்றுகொண்டே அவர் நடுங்கினார். பக்கத்தில் வெயில் இருந்ததால் சரி. அங்கே யார் கையைப் பிடித்து எந்த வெயிலுக்குக் கூட்டிவருவார்கள்?

அப்போதுதான் இப்ராகிம் போட்டிருந்ததைக் கவனித்தேன். சட்டைக்குள்ளே சொரசொரவென்று ஒரு கம்பளி பனியன்.

"நீங்க பஞ்சுக் கோட்டு போடறதில்லைங்களா?"

"ஆரம்பத்துல போட்டேன்மா. ஈரமாச்சுன்னா காயவே காயாது, ரெண்டு தடவ காய்ச்சல்ல படுத்தேன். இது அரிக்கும், ஆனா நனஞ்சாலும் சூடு போகாது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல வாங்குனது."

நனைந்த கோட்டை ஜவுளிக்கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள். அதைக் கபூர் பாய் கடைப் படியில் காயப் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாடுகூடச் சரியாகச் சாப்பிடாமல் வத்தலக்குண்டு பஸ் ஏறினோம். இருபது மைல். அதுவரை விளையாட்டாக இருந்த மனிதர் பஸ் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் பயந்துவிட்டார் என்று தெரிந்ததும் என் பயம் இரண்டு மடங்காயிற்று.

வத்தலக்குண்டு கொடைக்கானல் ரோட்டின் அடிவாரம். மேலே போகும் கூட்டம் எல்லாம் அங்கே இறங்கி ஏறும். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு அம்மா தார்ப்பாய் விரித்துப் பழைய கம்பளித் துணிகளைக் குவித்து வைத்திருந்தார். மலையில் இருந்துவிட்டு ஊரைக் காலி செய்து போகிறவர்கள் கழித்துப்போட்டவை.

"என்னாத்தா தேடுற? கொடைக்கானலுக்கா?"

"அதைவிடக் குளுரான எடத்துக்குங்க. ரோட்டு வேலை."

"அம்புட்டுக் குளிராக்கும்? அப்ப ஒண்ணு கனமா எடுக்காத. ரெண்டு மூணா எடு. வேலை செய்யயில ஒண்ணக் கழட்டலாம், நிக்கயில மாட்டிக்கலாம்ல."

அவர் அதிகம் விற்பதற்காகச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஐஸ் ஃபேக்டரியில் பார்த்ததற்கு அது பொருந்தியது. வேர்க்கும்வரை மூடிக்கொண்டதுதானே தப்பாகிப் போனது. உடம்பை ஒட்டி இரண்டு கம்பளி பனியன், அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டர், முழங்கால் வரை ஏறும் காலுறை நாலு ஜோடி, காதை மூடும் குல்லா எடுத்தேன். ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சேர்த்துப் பதினெட்டு ரூபாய் சொன்னதைப் பதினான்குக்கு வாங்கினோம்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கொடைக்கானலிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவந்த லாரி ஒன்று திண்டுக்கல் போகிறது என்றார்கள். டிரைவர் ராசு தன் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார். என் கணவர் பின்னால் மூட்டைமேல் ஏறினார். "காத்து எப்பிடின்னு பாக்கறேன்" என்று வேட்டி சட்டைக்கு மேல் புது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வந்தார்.

நாலைந்து மைல் போனதும் மலைப் பக்கமிருந்து கோடை மழை பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய துளி. நான் பதறிப்போய் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"ரோட்டோரம் சகதிம்மா. இப்ப நிறுத்துனா வண்டி பதிஞ்சிரும். அந்தப் பாலம் தாண்டி நிப்பாட்டுறேன்" என்றார் ராசு.

பாலம் தாண்டி நிறுத்துவதற்குள் மழை விட்டுவிட்டது. ஆனால் நனைந்த உடம்பில் லாரி வேகத்துக் காற்று. நான் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். பங்குனி மாதம், ஆனால் அவர் உதடு வெளுத்திருந்தது. கம்பளி நனைந்தாலும் சூடு போகாது என்றார்களே, அதுவும் பொய்யா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராசு சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தார்ப்பாய்த் துண்டை உருவி மேலே எறிந்தார். "இதச் சுத்திக்கங்கண்ணே. காத்து உள்ள போகாம இருந்தாப் போதும்."

மிச்சத் தூரம் அவர் அதைச் சுற்றிக்கொண்டு வந்தார். திண்டுக்கல்லில் இறங்கியபோது ஸ்வெட்டர் இன்னும் ஈரம்தான். ஆனால் அவர் கைகள் சூடாக இருந்தன. நான் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தேன், நடுரோட்டில், லாரிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கம்பளி சூட்டை வைத்துக்கொள்ளும், காற்றை நிறுத்தாது. காற்றை நிறுத்த மேலே வேறொன்று வேண்டும்.

மறுநாள் காலை கபூர் பாயிடம் தோல் கோட்டு கேட்டார் என் கணவர்.

"என்கிட்ட இருக்கு தம்பி. கொடுக்க மாட்டேன். நனஞ்சு உறைஞ்சா பலகை மாதிரி ஆயிரும், கைய மடக்க முடியாது. லாரித் தார்ப்பாய் மாதிரி கித்தான் வாங்கித் தச்சுக்கங்க. காலுக்கும் கைக்கும் மட்டும் நான் தாரேன்."

பூட்ஸில்தான் எங்களுக்குள் சண்டை. என் கணவருக்கு அது காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். நான் இரண்டு காலுறையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டச் சொல்லி, அதற்கு மேலும் விரல் அசைகிற அளவு வேண்டும் என்றேன். இறுக்கினால் ரத்தம் எப்படி ஓடும்? என் அப்பா கையில் கயிறு சுற்றி மாட்டைப் பிடித்திருந்தபோது விரல் வெளுத்து மரத்துப்போனதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன்.

"இதப் போட்டுட்டு நடந்தா எருமை நடக்கற மாதிரி இருக்குது."

"இருக்கட்டுங்க. அங்க யாரு உங்களைப் பாக்கப் போறாங்க?"

கபூர் பாய் என் பக்கம் பேசினார். பெரிய பூட்ஸே வாங்கினோம், முப்பது ரூபாய். கைக்குக் கட்டைவிரல் மட்டும் தனியாக, மற்ற நாலு விரலும் ஒரே பையில் இருக்கும்படி ஆட்டுத்தோல் உறை. ஐந்து விரலும் தனித்தனியாக வேண்டும் என்றார் என் கணவர். தனித்தனியாகப் போனால் ஒன்றுக்கொன்று சூடு கிடைக்காது என்று சொல்லி, கம்ப்ரசர் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் ஒரு கட்டையைப் பிடிக்கவைத்துக் காட்டிச் சம்மதிக்கவைத்தார் பாய். இரண்டு உறையையும் ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி செய்தது நான். காற்றில் ஒன்று பறந்துபோனால் அங்கே இன்னொன்றுக்கு எங்கே போவது?

கித்தான் வாங்கிவந்து, சித்தி வீட்டுத் தையல் மெஷினில் மேல்கோட்டாகத் தைத்தேன். மூன்று ஊசி உடைந்தது. தலைமறைப்பும், பட்டன் வரிசையின் மேல் காற்று நுழையாமல் ஒரு மடிப்பும், இடுப்பில் இழுத்துக் கட்ட ஒரு கயிறும் வைத்தேன். உள்ளே மூன்று கம்பளி போடுமளவு தொளதொளப்பாக. தைக்கும்போதெல்லாம் எங்கே ஓட்டை விட்டேன், எங்கே காற்று நுழையும் என்பதே நினைப்பு. ஒரு தையலுக்கு மூன்று தையல் போட்டேன். மறுபடியும் ஐஸ் ஃபேக்டரிக்குப் போனோம். இந்த முறை வேர்க்கத் தொடங்கியதுமே ஸ்வெட்டரைக் கழற்றினார், நிற்கும்போது மாட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், "பசிக்குது, பிரியாணி சாப்டலாமா?" என்று கேட்டார். நான் அதன் பிறகுதான் மூச்சுவிட்டேன்.

பழனி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வந்த பிறகு எட்டு மாதம் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதினால் இது பயணக் கட்டுரையாக இருக்காது. கூரையில் காற்று அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கார்த்திகையில் விடுமுறைக்கு வந்தார். மத்தியான ரயில். பெட்டியிலிருந்து இறங்கும்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். முகம் கருகித் தோல் உரிந்திருந்தது. ஸ்டேஷனில் நின்ற இரண்டு பேர் சினிமாக்காரர் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்த்தது வேறு. படியில் காலை வைக்குமுன் அவர் ஒரு கையால் கம்பியைத் தடவித் தேடினார்.

கையும் காலும் முழுசாக இருந்தன. சர்க்கார் கோட்டு ஐந்து வாரம் கழித்துத்தான் வந்ததாம், அதுவரை எங்கள் உடுப்பு தாங்கியது. ஆனால் போய்ச் சேர்ந்த பத்தாம் நாளே பனி நின்று நல்ல வெயில் அடித்திருக்கிறது. தரையெல்லாம் வெள்ளை. வெயில் வந்த சந்தோஷத்தில் முகத்தைத் திறந்துபோட்டு நாள் முழுக்க வேலை செய்திருக்கிறார். சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் ஆகி, மூன்று நாள் கண் திறக்க முடியவில்லை. கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். ஐப்பசியில் புதுப் பனி விழுந்தபோது, அதற்குப் பிறகு கொடுத்த கறுப்புக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு, மறுபடியும் ஒரு முறை அதே பாடு. பார்வை திரும்பிவிட்டது, வெளிச்சம்தான் கண்ணுக்கு ஆகவில்லை. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் நேர் வெயிலைவிடப் பொல்லாதது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. திண்டுக்கல் சீமைக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது?

ஆகவே, எனக்கு எழுதிய பெண்ணே, இப்போது கிடைக்கும் துணிகளின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் கடையில் நின்று சூடாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு வேர்க்க வேலை செய்துவிட்டு, சும்மா நின்று பாருங்கள். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். ஒரே கனத்த கோட்டைவிட, கழற்றி மாட்ட இரண்டு மூன்று நல்லது, மேலே காற்று புகாத ஒன்று. பூட்ஸைக் காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல் அசைந்தால் மட்டும் வாங்குங்கள். கையுறையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு உலர்ந்த உள்ளாடை எப்போதும் பையில், தண்ணீர் புகாத உறைக்குள் இருக்கட்டும். இதையெல்லாம் வாங்குமுன், முதல் கடையில், பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி இரண்டு வாங்குங்கள். ஒன்று உடைந்தால் மற்றது.

அவர் விடுமுறைக்கு வந்திறங்கிய அன்று பழனியிலிருந்து ஊருக்கு மாட்டுவண்டி பிடித்தோம். உச்சி வெயில். கண்ணாடி போட்டும் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. தோளில் கிடந்த துண்டை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு வண்டியில் சாய்ந்துகொண்டார்.

சண்முகநதி சத்தம் கேட்டதும் துண்டுக்குள்ளேயிருந்து கேட்டார். "தண்ணி எம்புட்டு போகுது?"

"பாறை முங்கிப் போகுதுங்க."

"கரும்பு வெட்டிட்டாங்களா?"

"இந்தப் பக்கம் நிக்குதுங்க. அந்தப் பக்கம் வெட்டி, ஆலைல பொகை வருதுங்க. வரப்புல நாலு கொக்கு நிக்குது."

"ம். சொல்லு."

ஊர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.